இருக்கை, பெல்ட், கழுத்து

சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் ‘ட்ராக் டே’ பழக்கம் நம்மூரிலும் பரவி வருகிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட 3.7 கி.மீ. தடத்திலும், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் அப்படி ஓடுபவற்றில் பல, திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போக வேண்டிய கார்கள். ஓட்டியவருக்கு ருசி பிடித்துவிட்டால் முதலில் டயரையும் பிரேக் பேடையும் மாற்றுகிறார். அடுத்து அவர் கண் இருக்கை மேல் விழுகிறது. உடம்பை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட், அதோடு பளிச்சென்ற நிறத்தில், இரு தோளையும் இடுப்பையும் கட்டும் ஒரு நான்கு முனை ஹார்னெஸ். பந்தயக் காரில் இருப்பது நம் காரிலும் இருந்தால் பாதுகாப்பு கூடத்தானே செய்யும் என்ற எண்ணம் இயல்பானது. அந்த எண்ணத்தோடுதான் எனக்கு வழக்கு. இருக்கையையும் பெல்ட்டையும் பாதி மாற்றிய கார், எதையுமே மாற்றாத காரைவிட ஆபத்தானது.

இந்த மாற்றத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நல்ல டயர் போட்ட சாதாரண கார் வளைவில் ஏறத்தாழ ஒரு ஜி பக்கவாட்டு விசையைத் தாங்கும். 70 கிலோ எடையுள்ளவரை 70 கிலோ விசை கதவுப் பக்கம் தள்ளுகிறது என்று பொருள். கம்பெனி இருக்கையில் உட்கார்ந்தவர் இடது காலை ஊன்றி, முழங்காலைக் கதவில் முட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கியபடிதான் வளைவைக் கடக்கிறார். திருப்ப வேண்டிய கை உடம்பைத் தாங்கப் போய்விடுகிறது. இடுப்பையும் தோளையும் இருக்கை பிடித்துக்கொண்டால் கை தளர்கிறது; டயர் பிடியை இழக்கப்போவது முதுகிலும் இடுப்பிலும் தெரிகிறது; சோர்வு குறைகிறது. பத்து சுற்றுக்குப் பிறகும் நிதானம் குலையாத ஓட்டுநர் விபத்தைத் தவிர்க்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் இந்த நன்மை அனைத்தும் மோதலுக்கு முந்தையது. மோதல் தொடங்கியபின் கணக்கு வேறு.

1959-இல் வோல்வோ பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை பெல்ட்டை ஏதோ குடும்பக் காருக்கான சமரசம் என்று பார்ப்பது தவறு. இன்றைய காரில் அது ஒரு கூட்டணியின் உறுப்பு. மோதிய கணத்தில் ப்ரீடென்ஷனர் தொய்வை இழுத்து இறுக்குகிறது. விசை ஓர் எல்லையைத் தாண்டினால் லோடு லிமிட்டர் பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. மார்பும் தலையும் சேர்ந்தே முன்னே நகர்ந்து விரிந்த ஏர்பேக்கில் சாய்கின்றன. இருக்கையின் அடிப்பகுதியில் முன்பக்கம் உயர்த்திய எஃகு அமைப்பு இடுப்பு வழுக்காமல் தடுக்கிறது. இவை அனைத்தும் ஒன்றையொன்று நம்பி, ஒரே காரில் மோதிச் சோதிக்கப்பட்டவை. ஒன்றைக் கழற்றினால் மற்றவற்றின் கணக்கும் தப்புகிறது.

வெறும் நான்கு முனை ஹார்னெஸை மாட்டும்போது என்ன நடக்கிறது? அதன் இரண்டு தோள் பட்டைகளும் வயிற்றுக்கு முன்னால் இருக்கும் பூட்டில் வந்து சேர்கின்றன. மோதலில் உடம்பு முன்னே பாயும்போது தோள் பட்டைகள் அந்தப் பூட்டை மேல்நோக்கி இழுக்கின்றன. இடுப்பெலும்பின் மேல் படிந்திருக்க வேண்டிய பெல்ட் மென்மையான வயிற்றுக்கு ஏறிவிடுகிறது. உடம்பு அதன் அடியில் வழுக்கிப் போகிறது. எலும்பு தாங்க வேண்டிய விசையைக் குடலும் ஈரலும் மண்ணீரலும் தாங்குகின்றன. கவட்டைப் பட்டைகள் இரண்டும் சேர்ந்த ஆறு முனை ஹார்னெஸ் இருப்பது இந்தப் பூட்டைக் கீழே பிடித்து நிறுத்தத்தான். அந்தப் பட்டைகள் சரியான இடத்தில் இறங்க இருக்கையின் அடியில் துளை வேண்டும். கம்பெனி இருக்கையில் அது கிடையாது. ஆறு முனைக்கு ஆசைப்பட்டு, பட்டைகளை இருக்கையின் முன் விளிம்பைச் சுற்றிக் கொண்டுவருபவர்கள் உண்டு. அங்கிருந்து வரும் பட்டை இடுப்பைப் பிடிக்காது.

நான்கு முனையில் மதிக்கத்தக்க ஒரே விதிவிலக்கு, ஜெர்மனியின் ஷ்ராத் நிறுவனம் செய்த ஏஎஸ்எம் முறை. அதில் ஒரு தோள் பட்டை மட்டும் மடித்துத் தைக்கப்பட்டிருக்கும். மோதலில் அந்தத் தையல் பிரிந்து, ஒரு தோள் மற்றதைவிடச் சற்று முன்னே போகிறது; உடம்பு லேசாகத் திரும்புவதால் இடுப்பு வழுக்குவதில்லை. மூன்று முனை பெல்ட் செய்யும் வேலையை நான்கு முனையில் திரும்பக் கொண்டுவந்த புத்திசாலித்தனம் அது. ஆனால் அது குறிப்பிட்ட கார்களுக்கு, அவற்றின் கம்பெனி இருக்கையோடு என்று வரையறுத்து விற்கப்படுவது. பட்டியலில் இல்லாத காரில் மாட்டியவுடன் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது.

எனக்கு மிகுந்த கவலை தருவது கழுத்து. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு மீட்டர் தூரத்துக்குள் நின்றால் சராசரி எதிர்முடுக்கம் ஏறத்தாழ 40 ஜி. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து 6 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் கழுத்தைப் பிடித்து இழுக்கும் எடை 240 கிலோ. மூன்று முனை பெல்ட்டில் மார்பும் கூடவே நகர்வதால் கழுத்துக்கு வரும் பங்கு குறைகிறது. ஹார்னெஸ் இரண்டு தோளையும் இருக்கையோடு கட்டிப்போட்டுவிடுகிறது. தலை மட்டும் தனியே பறக்கிறது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவது இப்படித்தான். 1994-இல் இமோலாவில் ரோலண்ட் ராட்சன்பெர்கர், 2000-இல் அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர், 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனாவில் டேல் எர்ன்ஹார்ட் என்று அந்த முறிவு கொண்டுபோனவர்கள் பலர். அவர்கள் எல்லோருமே ஹார்னெஸ் அணிந்திருந்த தொழில்முறை ஓட்டுநர்கள் என்பதை ட்ராக் டேக்கு வருபவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கான மருந்து அப்போதே இருந்தது என்பதுதான் வேதனை. பந்தய ஓட்டுநர் ஜிம் டவ்னிங்கும் அவருடைய மைத்துனரான பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும், நண்பர் ஒருவரை இதே காயத்துக்கு 1981-இல் பறிகொடுத்தபின் உருவாக்கியது ஹான்ஸ் கருவி. தோளில் அமர்ந்து, ஹெல்மெட்டை இரண்டு வார்களால் பிடித்துக்கொள்ளும் காலர் அது. கனமாக இருக்கிறது, தலையைத் திருப்ப விடவில்லை என்று ஓட்டுநர்கள் பல ஆண்டுகள் அதை ஒதுக்கினார்கள். எர்ன்ஹார்ட் இறந்த ஆண்டின் அக்டோபரில்தான் நாஸ்கார் தலை-கழுத்துக் கருவியைக் கட்டாயமாக்கியது. பார்முலா ஒன் 2003-இல். ஹார்னெஸ் வாங்கப் பணம் இருப்பவருக்கு ஹான்ஸ் வாங்கப் பணம் இல்லை என்றால் ஹார்னெஸையும் வாங்காமல் இருப்பதே நல்லது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. ஹான்ஸுக்கு அதற்கான கொக்கிகள் பொருந்தும் கார் பந்தய ஹெல்மெட் வேண்டும். நம் தடங்களில் பலர் அணிந்து வரும் ஐஎஸ்ஐ முத்திரையிட்ட பைக் ஹெல்மெட்டில் அந்த இடம் கிடையாது. அதைத் துளையிட்டுக் கொக்கி மாட்டுவது ஹெல்மெட்டையே கெடுக்கும் வேலை.

தோள் பட்டை போகும் கோணத்தை இவ்வளவு பேரும் எப்படிக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று தெரியவில்லை. இருக்கையின் மேல் விளிம்பிலிருந்து பின்னோக்கிச் செல்லும் பட்டை கிடைமட்டத்துக்குக் கீழே 45 பாகைக்கு மேல் இறங்கக் கூடாது, 10 பாகைக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி. பின் இருக்கை பெல்ட்டின் தரைப் போல்ட்டில் ஹார்னெஸைக் கட்டினால் சின்ன காரில் அந்த 45-ஐ எளிதாகத் தாண்டிவிடும். அப்போது பட்டை உடம்பைப் பின்னுக்குப் பிடிப்பதோடு தோளைக் கீழ்நோக்கி அழுத்தவும் செய்கிறது. 45 பாகையில், பட்டையிலுள்ள இழுவிசையின் பத்தில் ஏழு பங்கு நேராக முதுகெலும்பை நசுக்கும் விசையாகிறது. பட்டை நீளமானால் அது நீளும் அளவும் கூடும். ஸ்டியரிங்கை நோக்கி உடம்பு அவ்வளவு நெருங்கும். ஆகவே தோள் உயரத்தில் குறுக்கே ஓடும் குழாய் ஒன்று தேவை. அந்தக் குழாயை முறையாகத் தருவது, கார் உருண்டால் கூரையைத் தாங்கும் எஃகுக் குழாய்ச் சட்டமான ரோல் பார் அல்லது ரோல் கேஜ். முன் கதவுக்குப் பின்னாலுள்ள பி பில்லர் தூணில் போல்ட் போட்டு மாட்டும் மலிவான ஹார்னெஸ் பார்கள் பல, அதன் இடத்தில் நிற்கும் வெறும் குழாய்கள்.

ரோல் பார் வேண்டும் என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் வேறு. கார் உருண்டு கூரை நசுங்கினால், மூன்று முனை பெல்ட்டில் இருப்பவர் பக்கவாட்டில் சாய இடமுண்டு; ஹார்னெஸ் கட்டியவர் நிமிர்ந்தபடியே மாட்டிக்கொள்வார் என்பார்கள். கூரை திறந்த காரில் இதற்கு மறுபேச்சில்லை. வலுவான கூரையுள்ள இன்றைய கார்களில் இந்த வாதத்தைச் சற்று மிகையாகவே சொல்கிறார்கள் என்பது என் கருத்து. உருளும்போது ஆள் சரியான பக்கம் சாய்வார் என்று எந்தப் பெல்ட்டும் உறுதி தருவதில்லை. கழுத்தும் வயிறும் படும் பாடு இதைவிட நிச்சயமானது.

ரோல் கேஜ் போட்டுவிட்டால் தீர்ந்ததா என்றால், அதே காரைச் சாலையில் ஓட்டுபவருக்கு அதுவே புதிய ஆபத்து. ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் எஃகுக் குழாய் ஓடுகிறது. ரப்பர் உறை போட்டாலும் அது ஹெல்மெட் மோதுவதற்கான உறை. வெறும் மண்டைக்கு அல்ல.

இருக்கையை மட்டும் மாற்றி, பெல்ட்டைப் பழையபடி விடும் வழி பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்குத் தயக்கம் உண்டு. பக்கெட் சீட்டின் உயர்ந்த தொடை ஓரங்கள் மூன்று முனை பெல்ட்டின் இடுப்புப் பட்டையைத் தூக்கிவிடுகின்றன. அது இடுப்பெலும்பில் படியாமல் ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் பாலம் போல் நிற்கிறது. பல கார்களில் பூட்டும் பக்க ஏர்பேக்கும் கம்பெனி இருக்கையோடேயே இருப்பவை. இருக்கை போனால் அவையும் போகும். டாஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கை ஒரு ரெசிஸ்டர் வைத்து அணைத்துவிடுகிறார்கள். ஏர்பேக் இல்லாமை அதனால் மாறிவிடாது. பெல்ட் பக்கத் துளை வழியாகப் புகுந்து இடுப்பில் தாழப் படிகிறதா என்று உட்கார்ந்து பார்த்தபின் தேர்ந்தெடுத்தால் இந்த வழி ஓரளவுக்குச் சரி.

முழு மாற்றத்துக்குத் துணிந்தவருக்கு லேபிள்தான் வழிகாட்டி. இருக்கையில் எஃப்ஐஏ 8855-1999 அல்லது அதைவிடக் கடுமையான 8862-2009, ஹார்னெஸில் 8853-2016, ஹான்ஸில் 8858. எஃப்ஐஏ ஹார்னெஸுக்கு ஆயுள் ஐந்து ஆண்டு, அமெரிக்க எஸ்எஃப்ஐ முத்திரைக்கு இரண்டு. வெயிலில் நிற்கும் காரில் பாலியெஸ்டர் பட்டை வலுவிழக்கிறது. நம் ஊர் வெயிலில் நின்ற காரிலிருந்து கழற்றி விற்கும் காலாவதியான பட்டையை நான் வாங்க மாட்டேன். பேர் பெற்ற தயாரிப்புகளுக்குப் போலிகள் நிறைய. டகாட்டா என்று தைத்த பச்சைப் பட்டை அதில் பிரசித்தம். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் பிராக்கெட்டும் அதே அளவு முக்கியம்: எஃகு என்றால் 3 மி.மீ. தடிமன், குறைந்தது நான்கு இடங்களில் 8 மி.மீ. போல்ட், தகட்டின் மறுபுறம் வலுவூட்டும் தகடு. பட்டறையில் ஆங்கிள் வெட்டி ஒரு வாரத்தில் வெல்டு செய்து தரும் பிராக்கெட்டில் இவை இருக்கின்றனவா என்று கேட்க வெட்கப்படக் கூடாது. பக்கவாட்டில் தலையைத் தாங்கும் இறக்கைகள் உள்ள இருக்கை கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்வேன். சாலையில் பக்கப் பார்வையை மறைக்கும் என்பதால் தடத்துக்கே என்று ஒதுக்கிய காருக்குத்தான் அது பொருந்தும்.

ஆண்டுக்குச் சில முறை தடத்துக்குப் போய், அதே காரில் வீடு திரும்புபவருக்கு என் பரிந்துரை எளிமையானது: கம்பெனி இருக்கை, கம்பெனி பெல்ட், நல்ல ஹெல்மெட். இருக்கையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, பெல்ட்டைச் சட்டென்று இழுத்துப் பூட்டவைத்து, மறுபடி இருக்கையை முன்னே நகர்த்தினால் இடுப்பு இறுகப் பிடிபடும். வளைவில் வழுக்குவது பெருமளவு குறையும். கழுத்துக்கும் காப்பு வேண்டுமென்றால் சிம்ப்சன் ஹைப்ரிட் எஸ் போன்ற கருவிகள் மூன்று முனை பெல்ட்டோடும் அணியத்தக்கவை. அவற்றுக்கும் கொக்கியுள்ள ஹெல்மெட் தேவை. இதற்கு மேல் போக விரும்புபவர் இருக்கை, ஆறு முனை, ரோல் பார், ஹான்ஸ் நான்கையும் ஒன்றாக வாங்கும் வரை பணத்தைச் சேர்த்துவைக்கட்டும்.

பக்கத்து இருக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ட்ராக் டே நடத்தும் கிளப்புகள் பலவற்றில் ஓட்டுநருக்கு என்ன கட்டுமானமோ அதுவே பயணிக்கும் இருக்க வேண்டும் என்பது விதி. பயிற்றுநர் அங்கேதான் உட்காருகிறார். நம்மூரில் அங்கே உட்காருவது பெரும்பாலும் நண்பரோ தம்பியோ. ஓட்டுநர் ஆறு முனையும் ஹான்ஸும் அணிந்திருக்க, பக்கத்தில் இருப்பவர் பழைய பெல்ட்டில் உட்கார்ந்திருப்பார். தன்னைப் பிடித்துவைக்கும் கட்டுமானத்தை நம்பி ஓட்டுநர் கூட்டும் வேகம் அவருக்கும் சேர்த்துத்தான். தொழில்நுட்பப் பரிசோதனையில் டயரையும் பிரேக்கையும் பார்ப்பவர்கள் இரண்டு இருக்கைகளையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அந்தக் காரில் ஓட்டுநர் மட்டும் தடத்துக்குள் போகட்டும்.