கிடங்கைத் திறத்தலும் வரலாற்றைத் திறத்தலும்

பெரிய அருங்காட்சியகங்கள் தம் சேகரிப்பின் சிறு பகுதியையே காட்சிக்கு வைக்கின்றன. எஞ்சியவை கிடங்குகளில் உறங்குகின்றன. இந்நிலையை மாற்றும் நோக்கில், இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2025 மே 31ஆம் நாள் 250,000க்கும் மேற்பட்ட பொருள்களைக் கொண்ட தன் கிடங்கைப் பொதுமக்களுக்குத் திறந்தது. முன்பதிவு செய்வோர் ஐந்து பொருள்கள் வரை வரவழைத்து அருகிருந்து காணலாம். இம்முயற்சி பாராட்டத்தக்கது. எனினும், எதைக் கேட்பது என்று அறிந்தவர்க்கே இவ்வாய்ப்பு முழுமையாகப் பயன்படும். ஆக்ரா கோட்டை நீராட்டு மண்டபத்தின் தூண்வரிசை அங்கு நிறுவப்பட்டுள்ளது. அதன் அழகைக் கண் உணரும்; அது கோட்டையினின்று பெயர்ந்த கதையைப் பதிவேடே உரைக்க வேண்டும். ஆகவே, கதவைத் திறத்தல் முதற்படியே. ஒவ்வொரு பொருளும் எவரிடமிருந்து, எவ்வழியில் வந்தது என்பதை எவரும் அறியுமாறு எழுதிவைத்தலே நிறைவான திறப்பாகும்.