வசைச்சொல் இராகம் ஏறியபோது: சென்னைப் புறம்போக்குப் பாடலும் அதன் ஆவணமும்

இசைக் காணொளி ஒன்று உருவாகும் முறையைப் பதிவு செய்வோர் பெரும்பாலும் ஒளிப்பதிவுக் கருவி, படப்பிடிப்பு நாள், செலவு ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். சொல் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டது, எந்த வழக்கில் எழுதப்பட்டது, பாடகர் வாயில் அஃது என்ன மாற்றம் பெற்றது என்பவை பதிவில் ஏறுவதில்லை. 2017 சனவரியில் வெளிவந்த சென்னைப் புறம்போக்குப் பாடல் இக்குறையை நன்கு காட்டும் சான்றாகும்.

எண்ணூர்க் கழிமுகத்தின் சீரழிவை முன்னிறுத்திய இப்பாடலைத் தனித்தியங்கும் பாடகரும் பாடலாசிரியருமான கபேர் வாசுகி எழுதினார், ஆர். கே. ஸ்ரீராம்குமார் இசையமைத்தார், டி. எம். கிருஷ்ணா பாடினார், ரதீந்திரன் பிரசாத் இயக்கினார். சூழலியல் எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமன் இம்முயற்சிக்கு முன்னின்றார். சபா மேடையோ திரைப்பட நிறுவனமோ இதன் பின்னணியில் இல்லை. கிருஷ்ணா 2015இலேயே மார்கழிக் கச்சேரிகளினின்று விலகுவதாக அறிவித்திருந்தார். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பின்னே நிற்க, முகமூடியோடு கழிமுகத்தில் தோன்றும் பாடகரின் காட்சி பலராலும் பேசப்பட்டது. மொழியியலார்க்கு அதனினும் முதன்மையானது பாடலின் தலைச்சொல்லே.

புறம்போக்கு என்பது வருவாய்த் துறைச் சொல். வரி விதிப்புக்குப் புறம்பாக விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். ஏரிப் புறம்போக்கு, ஆற்றுப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு எனக் கணக்கேடுகளில் அது விரியும். இவை ஒவ்வொன்றும் ஊரார் அனைவர்க்கும் பயன்படுவன. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் சாலை, ஆறு, ஏரி முதலியவற்றை அரசின் உடைமை என வரையறுத்தது. அதன்பின் அந்நிலத்தில் குடியிருப்பவன் ஆக்கிரமிப்பாளன் ஆனான். நிலத்தின் பெயர் மனிதன்மேல் வசையாக ஏறியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பயனற்றவன், கேட்பாரற்றவன் என்னும் பொருள்கள் இன்று நிலப்பொருளை மறைத்து நிற்கின்றன. இழிபொருட்பேற்றிற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வடிவம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்து வரும் அசையில் அகரமோ ஐகாரமோ இருப்பின், பேச்சுத்தமிழில் முதலசை உகரம் ஒகரமாகத் தாழும். குடம் ‘கொடம்’ ஆகும், துணை ‘தொணை’ ஆகும். அவ்வாறே புறம்போக்கும் ‘பொறம்போக்கு’ ஆகிறது. ஆவணத்தில் எழுதப்படுவது முன்னது. வசையாக வாயில் வருவது எப்போதும் பின்னதே. எழுத்துவடிவத்தை ஒலித்து எவரும் எவரையும் ஏசுவதில்லை. நிலத்தைக் குறிக்க மட்டும் பேச்சில் இவ்வடிவம் தயக்கமின்றி வழங்குகிறது. எனவே பாடலில் பேச்சுவடிவம் ஒலிக்கும்போது கேட்பவர் காதில் நிலமும் வசையும் ஒருங்கே விழுகின்றன. எழுத்துவடிவம் பாடப்பட்டிருப்பின் இவ்விருமை கிட்டியிராது. ஆங்கிலப் பதிவேடுகளில் இச்சொல்லின் முதலுயிர் ஒகரமாகவே உரோமன் எழுத்தில் இடம்பெற்றிருப்பது சுவையான செய்தி. எழுத்தர் கேட்டு எழுதிய ஒலியை அவ்வரிவடிவம் காத்து வைத்திருக்கிறது.

இராகமாலிகையில் ஆனந்தபைரவி, பேகடா, தேவகாந்தாரி போன்ற இராகங்களில் சென்னைப் பேச்சுத்தமிழைப் பாடுவது எளிதன்று. கீர்த்தனை மொழியில் நெட்டுயிர்கள் கமகத்திற்கு இடம் தருவன. பேச்சுத்தமிழோ சொல்லீற்று மெய்களை மூக்கொலியாகக் கரைத்து, உயிர்களைச் சுருக்கி ஓடுவது. பொறம்போக்கு என்னும் சொல்லில் நெடில் ஒன்றே. இழுப்புக்கு இயல்பாக இடம் தருவது அந்த ஓகாரந்தான். அங்கே இழுத்துப் பாடும்போது வசையின் வெட்டு மறைந்து சொல் விரிகிறது. பாடலின் வெற்றி இங்கேதான் உள்ளது. முதலில் அந்நிலம் தனி ஒருவர்க்கன்றி ஊருக்கும் மண்ணுக்கும் உரியது என்று சொல்லும் பாடல், இறுதியில் இலாபம் எடுக்கப்பட்டபின் நாம் அனைவரும் புறம்போக்கே என்னும் கருத்துக்கு வருகிறது. அதாவது உயர்பொருளை மீட்டுத் தந்தபின் வசைப்பொருளையும் மீண்டும் கையாள்கிறது. 2015இல் ஒரு திரைப்படம் ‘புறம்போக்கு என்கிற பொதுவுடைமை’ என்று பெயரிலேயே இம்மீட்பைத் தொடங்கியதெனினும், அங்கு விளக்கம் தலைப்பிலேயே முடிந்துவிட்டது.

குறையும் உண்டு. பாடும் குரல் ஒருவருடையது. பாடலின் பேச்சுத்தமிழ் நகரத்துக் கவிஞர் அமைத்தது. எண்ணூர்க் குப்பத்து மீனவர் இச்சொல்லை நிலத்திற்கு எவ்வாறு வழங்குகின்றனர், கழிமுகத்தின் பகுதிகளுக்கு அவர்தம் பெயர்கள் யாவை என்பன பாடலில் கேட்கவில்லை. சென்னைத் தமிழ் என ஒரே பெயரிட்டு அழைப்பதால் கடலோர வழக்கும் உள்நகர வழக்கும் ஒன்றாகிவிடா. பாடல் வெளிவந்த அதே மாதம் 28ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கரையில் அதை அள்ளியோர் பேசிய மொழியைப் பதிந்திருந்தால் அது பாடலுக்கு நல்ல உடனிணைப்பாகியிருக்கும்.

ஆகவே இத்தகைய ஆக்கத்தை ஆவணப்படுத்துவோர் முதல் வரைவு, அடித்து மாற்றிய சொற்கள், ஒத்திகையின் ஒலிப்பதிவு, பாடகர் உச்சரிப்பைத் திருத்திய இடங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தல் வேண்டும். படப்பிடிப்புக் காட்சிகள் அவற்றிற்கு ஈடாகா.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் பாடம் உண்டு. திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகள் இச்சொல்லைப் பெயர்க்காமல் அப்படியே விட்டுள்ளன. பொதுநிலம் என்றால் வசை போய்விடும். தரிசு என்றால் பாடல் மறுக்க வந்த கருத்தே நிலைத்துவிடும். எனவே அம்முடிவு சரியானதே. ஆங்கிலத்தில் செய்ததை இந்திய மொழிகள் எல்லாவற்றிலும் செய்ய முடியாது. தெலுங்கில் போரம்போக்கு என்பது நிலத்தையும் நாடோடியையும் ஒருசேரக் குறிப்பதால் சொல் அப்படியே நிற்கும். மலையாளத்தில் புறம்போக்கு நிலச்சொல்லாக வழங்கினும் தமிழிலுள்ள ஏச்சின் கடுமை அதற்கில்லை. பஞ்சாப், அரியானாப் பகுதிகளில் ஊர்ப்பொது நிலத்திற்கு வழங்கும் ‘சாமலாத்’ எவரையும் ஏசப் பயன்படுவதன்று. அங்கு மொழிபெயர்ப்பாளர் நிலத்திற்கு ஒரு சொல்லும் வசைக்கு வேறொரு சொல்லும் கொள்ள நேரும்; அவ்விரண்டையும் ஒரே மெட்டில் எங்கே இணைப்பது என்பதைப் பாடகரோடு அமர்ந்துதான் அவர் முடிவு செய்ய முடியும்.