பேசும் முயல்

லீவுக்குச் செஞ்சி வந்தபோது ‘சேவ் ரால்ஃப்’ குறும்படத்தை மறுபடி பார்த்தேன். 2021-இல் ஸ்பென்சர் சஸ்ஸர் இயக்கியது, சுமார் நான்கு நிமிடம். ரால்ஃப் என்கிற முயல் அழகுசாதனப் பொருள்களின் ‘டெஸ்டர்’. ஒரு கண் போச்சு, காதில் ஓயாத இரைச்சல். ஆனாலும் வேலைதானே, பரவாயில்லை என்கிற தொனியிலேயே பேசுகிறான். சிரிச்சிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மேனேஜரிடம் நானும் இதே குரலில்தான் பேசுவேன்.

என் சங்கடமும் அங்கேதான். நான் ராஜினாமா செய்யலாம். 1944-இல் ஜான் டிரெய்ஸின் பெயரில் வந்த சோதனையில் ரசாயனத்தை விடுவது முயலின் கண்ணில். முயலுக்குக் கண்ணீர் குறைவு, விட்டது சீக்கிரம் கழுவிப் போகாது. பெரிதாகச் சத்தமும் போடாது. அதற்கு டைக்கா வைடீடியின் குரலைக் கொடுத்ததும் படம் ரசிக்கும்படி ஆகிவிடுகிறது. அந்த மௌனம் போய்விடுகிறது.

கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு கடை. ஃபேஸ்வாஷ் டியூபில் முயல் சின்னத்தைக் காட்டி, “நல்ல கம்பெனிண்ணா” என்றாள் தங்கச்சி. இந்தியாவில் இந்தச் சோதனைக்கு 2014-லேயே தடை; அதே நவம்பரில், சோதித்த பொருள்களின் இறக்குமதிக்கும். அவள் கருணை என்று நினைத்ததில் பாதி சட்டம். ஹ்யூமேன் சொசைட்டி இன்டர்நேஷனல் இந்தப் படத்தை எடுத்ததும் மற்ற நாடுகளில் அப்படியொரு தடை கேட்டுத்தான். லிங்க் அனுப்பினேன்.

“பாவம்ணா. ஆனா செம காமெடியா பேசுது.”