புரட்டினாலும் அதே முக்கோணம்

தாளில் இருசமபக்க முக்கோணம் ஒன்று வரையுங்கள். உச்சி அ. அடியில் இடப்பக்கம் க, வலப்பக்கம் ச. அக, அச இரண்டும் ஒரே நீளம். அடிக்கோணங்கள் சமம் என்பது பார்த்தாலே தெரிகிறது. தெரிவதை எதற்கு நிரூபிக்க வேண்டும் என்று அலுத்துத்தான் பலரும் பள்ளியோடு வடிவியலை மூடிவைத்தோம். அதைத் திரும்பத் திறக்க இந்த ஒரு படம் போதும்.

முதலில் சொற்கள். 'வடிவொத்த' முக்கோணங்களுக்குச் சாயல் ஒன்று, அளவு வேறாகலாம். 'சர்வசம' முக்கோணங்கள் என்றால் ஒன்றை வெட்டி மற்றதன்மேல் வைக்கும்போது ஓரம் பிசகக் கூடாது. இலங்கைப் பாடநூல்கள் இதை 'ஒருங்கிசைவு' என்கின்றன. பொருத்திப் பார்க்கும் செயலே அதில் ஒலிப்பதால் எனக்கு அந்தச் சொல்மேல் தனிப் பிரியம்.

இரு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் சமமானால் முக்கோணங்கள் சர்வசமம் என்பது பக்கம்-கோணம்-பக்கம் விதி. அதில் கோணம் ஏன் நடுவில் நிற்கிறது? கையால் சோதியுங்கள். 30 பாகைக் கோணம் வரைந்து, ஒரு கதிரில் 8 செ.மீ. தள்ளிப் புள்ளி வையுங்கள். அங்கே கவராயத்தை ஊன்றி 5 செ.மீ. ஆரத்தில் வில் வரைந்தால், அது மற்றக் கதிரை இரண்டு இடங்களில் வெட்டும். அதே மூன்று அளவுகள், இரண்டு வெவ்வேறு முக்கோணங்கள்! இரு பக்கங்களும் கோணத்தை இருபுறமும் பிடித்துக்கொண்டால்தான் முக்கோணம் அசையாது. இந்த வில்லை ஒருமுறை வரைந்தவர் விதியை மறக்க மாட்டார்.

இப்போது நம் படத்துக்கு வருவோம். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தம் வடிவியல் நூலின் முதல் பாகத்தில், அடிக்கோணங்கள் சமம் என்பதை ஐந்தாம் தேற்றமாக வைத்தார். சம பக்கங்களைக் கீழே நீட்டி, புதுக் கோடுகள் இழுத்து, இரண்டு சோடி முக்கோணங்களை ஒப்பிட்டு நிரூபித்தார். புதிதாகப் படிப்பவர் அந்தக் கோடுகளுக்குள் திணறுவார். ஐரோப்பாவில் இதற்குக் 'கழுதைப் பாலம்' என்றே பெயர்.

சுமார் 600 ஆண்டுகள் கழித்து அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த பாப்பஸ் ஒரு கோடும் கூடுதலாகப் போடவில்லை. இருந்த ஒரே முக்கோணத்தை 'அகச' என்று ஒருமுறையும் 'அசக' என்று ஒருமுறையும் படித்தார். முதலாவதின் அக, இரண்டாவதின் அச-வுக்குச் சமம். முதலாவதின் அச, இரண்டாவதின் அக-வுக்குச் சமம். நடுவில் அ கோணம் இரண்டுக்கும் பொது. பக்கம்-கோணம்-பக்கம் பொருந்திவிட்டது. ஆகவே க கோணமும் ச கோணமும் சமம்.

அவ்வளவுதான் நிரூபணம்! எழுத்துகள் இடம் மாறியதைக் கவனிக்காமல் கடந்தால் அதன் அழகு கண்ணில் படாது. சர்வசம முக்கோணங்களை எழுதும்போது முனைகளின் வரிசை முக்கியம் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே: எந்த முனை எதன்மேல் உட்காருகிறது என்பதை அந்த வரிசைதான் சொல்கிறது. எந்த நிரூபணத்தையும் இப்படிப் பென்சிலோடு படியுங்கள். ஒவ்வொரு 'ஆகவே'யிலும் நின்று, அது எந்த வரியிலிருந்து வந்தது என்று தேடுங்கள். கடைசி வரியை மறைத்துவைத்து நீங்களே சொல்லிப் பாருங்கள்.

பிறகு, வரைந்த முக்கோணத்தைக் கத்தரித்தெடுத்து, புரட்டி, தாளில் விழுந்த அதே ஓட்டையில் வையுங்கள். பொருந்தும்.