திருச்சி கிராண்ட் சோழாஸ்: ஊர்ப்பெயரும் ஊர் மைதானமும்

திருச்சி கிராண்ட் சோழாஸ், தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) எனப்படும் இருபது ஓவர் கிரிக்கெட் தொடரில் விளையாடும் எட்டு அணிகளுள் ஒன்று. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016-ஆம் ஆண்டு தொடங்கிய இத்தொடரில், வேறு பெயர்களில், முதலாண்டிலிருந்தே இடம்பெற்று வருகிறது. திருச்சிராப்பள்ளியின் பெயரைத் தாங்கியிருந்தாலும், 2025 தொடர் முடியும்வரை இவ்வணி திருச்சியில் ஒரு டி.என்.பி.எல். ஆட்டம்கூட ஆடியதில்லை.

ஓர் அணி எப்போது ஓர் ஊரின் அணியாகிறது என்ற கேள்வியை முன்வைத்து இவ்வணியின் பெயர், ஆட்டக்காரர்கள், மைதானம் ஆகியவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. இரண்டாம் நிலைத் தொடர்களில் ஊர்ப்பெயரோடு ஆடும் அணிகளுக்கு நீண்ட வரலாறு உள்ள இடம் அமெரிக்கா. எனவே அங்குள்ள மைனர் லீக் பேஸ்பால் அணிகள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பெயர் வரலாறு

2016-இல் இவ்வணியின் பெயர் ரூபி காஞ்சி வாரியர்ஸ். அப்போது அது காஞ்சிபுரத்தின் அணி. அடுத்த ஆண்டு ரூபி திருச்சி வாரியர்ஸ் ஆனது. 2023-இல் விளம்பர நிறுவனத்தின் பெயரை முன்னொட்டாகக் கொண்டு பால்சி திருச்சி என்று ஆடியது. 2024 முதல் திருச்சி கிராண்ட் சோழாஸ் என்று அழைக்கப்படுகிறது. ஒன்பது ஆண்டுகளுக்குள் நான்கு பெயர்கள்.

இது இந்த ஓர் அணிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. காஞ்சியின் பெயரை இவ்வணி விட்டுவிட்டு வந்தபின், திருவள்ளூர் வீரன்ஸ் அணி காஞ்சி வீரன்ஸ் ஆனது. அதுவே பின்னர் நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது. முதல் தொடரை வென்ற தூத்துக்குடி அணி, 2021 தொடரில் சேலம் ஸ்பார்டன்ஸ் என்ற பெயரில் களமிறங்கியது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. ஊர்ப்பெயர் என்பது உரிமையாளர் மாற்றிக்கொள்ளக்கூடிய பெயர்ப்பலகையாகவே இத்தொடரில் இருந்து வந்துள்ளது. காஞ்சிபுரத்திலோ காரைக்குடியிலோ ஒரு சிறுவன் தன் ஊர் அணி என்று எண்ணிக் கைதட்டியிருந்தால், அந்த அணி வேறு ஊருக்குப் போனபோது அவனிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போதைய பெயர் முந்தையவற்றைவிட ஊரோடு நெருக்கமானது. திருச்சியின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் உறையூர் முற்காலச் சோழர்களின் தலைநகர். கல்லணை திருச்சிக்குக் கிழக்கே சிறிது தொலைவில் உள்ளது. ஆங்கிலேயர் கல்லணைக்கு இட்ட பெயரிலும் 'கிராண்ட்' என்ற சொல் உண்டு. ஆனால் 'சோழர்' என்பதை ஆங்கிலப் பன்மையில் 'சோழாஸ்' என்று எழுதுவது உறையூர்க்காரர் பேசும் வழக்கல்ல. விளம்பரத் தட்டிக்கு ஏற்ற வடிவம் அது.

ஆட்ட வரலாறு

இவ்வணியின் சிறந்த ஆண்டு 2021. கொரோனாப் பெருந்தொற்றை ஒட்டி அத்தொடரின் எல்லா ஆட்டங்களும் சென்னை சேப்பாக்கத்தில் நடந்தன. அங்கு ரூபி திருச்சி வாரியர்ஸ் இறுதியாட்டம்வரை வந்தது. ஆகஸ்ட் 15 அன்று நடந்த இறுதியாட்டத்தில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணியிடம் எட்டு ரன் வித்தியாசத்தில் தோற்றது. இரண்டே ஆண்டுகளில் நிலை தலைகீழானது. 2023-இல் லீக் சுற்றின் ஏழு ஆட்டங்களிலும் அணி தோற்றது.

இவ்விரண்டு ஆண்டுகளும் ஒரு செய்தியைச் சொல்கின்றன. வெற்றியும் தோல்வியும் எந்த அணிக்கும் உண்டு. தோற்கும் ஆண்டில் அணியைத் தாங்கிப் பிடிப்பது ஊர். ஏழு ஆட்டங்களும் தோற்ற ஆண்டில் 'பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்ப்போம்' என்று சொல்லத் திருச்சியில் ஒரு பார்வையாளர் மாடம் இல்லை.

ஒப்பீடு: மைனர் லீக் பேஸ்பால்

அமெரிக்காவில் பேஸ்பாலின் முதன்மைத் தொடர்கள் பெருநகரங்களுக்கு உரியவை. அவற்றுக்குக் கீழே சிறு நகரங்களின் அணிகள் ஆடும் பல படிநிலைத் தொடர்கள் மைனர் லீக் எனப்படுகின்றன. 1901-இல் சிறு தொடர்கள் ஒன்றுகூடித் தேசிய அளவில் ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டன. பெரிய அணிகள் தங்கள் ஆட்டக்காரர்களை விருப்பம்போல் இழுத்துக்கொள்வதைத் தடுப்பது அதன் முதல் நோக்கம். 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் மேலாளர் பிராஞ்ச் ரிக்கி, சிறு அணிகளையே பெரிய அணி தன் கைவசம் வைத்துக்கொள்ளும் முறையை வளர்த்தார். நாற்றங்காலில் நாற்று வளர்த்து வயலில் நடுவதைப் போல, சிறு ஊர்களில் ஆட்டக்காரர்களை வளர்த்துப் பெரிய அணிக்கு எடுத்துக்கொள்ளும் முறை இது. இன்றும் இதுவே நடைமுறை.

இம்முறையில் ஆட்டக்காரர் ஊரில் நிலைப்பதில்லை. நன்றாக ஆடுபவர் ஒரே மாதத்தில் மேல்படிக்குப் போய்விடுவார். ஆயினும் ஊர்மக்கள் அணியை விடுவதில்லை. காரணம், மைதானம் ஊருக்குள் இருக்கிறது. உயர்படி மைனர் லீக் அணி ஒரு பருவத்தில் 150 ஆட்டங்கள் ஆடுகிறது. பாதி சொந்த மைதானத்தில் நடக்கும். ஓஹையோ மாநிலத்தின் டொலீடோ நகர அணிக்கு 'மட் ஹென்ஸ்' என்று பெயர். பழைய மைதானத்தை அடுத்த சதுப்பு நிலத்தில் திரிந்த நீர்க்கோழிகளால் வந்த பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த அப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1957-இல் அணியைத் தாய் அணி கைவிட முனைந்தபோது, ஊர்மக்கள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கு வாங்கி அதைத் தங்கள் உடைமையாக்கிக்கொண்டனர். 'ரெட் விங்ஸ்' என்ற அந்த அணி இன்றும் அவ்வாறே நடக்கிறது.

மைனர் லீக்கைக் குறையில்லாத முன்மாதிரியாகக் கொள்ள இயலாது. அதன் ஆட்டக்காரர்கள் நெடுங்காலம் மிகக் குறைந்த ஊதியத்தில் ஆடினர். 2023-இல்தான் அவர்களுக்கு முதல் கூட்டு ஊதிய ஒப்பந்தம் கிடைத்தது. 2021-இல் முதன்மைத் தொடரின் நிர்வாகம் இணைப்பு அணிகளை 160-லிருந்து 120-ஆகக் குறைத்தது. மைதானமும் பார்வையாளரும் இருந்தும் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் அந்த இணைப்பை இழந்தன. மைதானம் இருந்தால் மட்டும் போதாது, அணியின் எதிர்காலத்தில் ஊருக்கும் ஒரு குரல் வேண்டும் என்பது அதன் பாடம்.

ஆட்டக்காரர்கள்

ஆட்டக்காரர்களை உருவாக்கியதில் டி.என்.பி.எல். தொடரின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் தி. நடராஜன் 2016-இல் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்குப் பந்து வீசினார். அடுத்த ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. கட்டடக் கலைஞராக இருந்த வருண் சக்கரவர்த்தி 2018-இல் மதுரை பாந்தர்ஸ் பட்டம் வெல்லத் துணைநின்றார். அவ்வாண்டின் இறுதியில் 8.4 கோடி ரூபாய்க்கு ஏலம் போனார். 2023-இல் டி.என்.பி.எல். முதன்முறையாக ஏலம் நடத்தியபோது, சாய் சுதர்சனை கோவை கிங்ஸ் 21.6 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அப்போது அவருடைய ஐ.பி.எல். ஊதியமே 20 லட்சம்தான்.

இப்பட்டியலில் ஒன்றைக் கவனிக்கலாம். சேலத்துக்காரர் திண்டுக்கல்லுக்கு ஆடினார். சென்னைக்காரர்கள் மதுரைக்கும் கோவைக்கும் ஆடினர். ஆட்டக்காரர்களைப் பகிர்ந்தெடுக்கும் முறையிலும் ஏலத்திலும் இது இயல்பு. இதைக் குறையாகச் சொல்ல இயலாது. மைனர் லீக்கிலும் ஆட்டக்காரர் வெளியூர்க்காரரே. ஆனால் அங்கே பெயரும் மைதானமும் ஊரில் தங்கிவிடுகின்றன. இங்கே ஆட்டக்காரரும் வெளியிலிருந்து வருகிறார், பெயரும் மாறிக்கொண்டே இருக்கிறது. எஞ்சியிருப்பது மைதானம் ஒன்றே.

மைதானம்

டி.என்.பி.எல். ஆட்டங்கள் தொடக்கத்தில் சென்னை சேப்பாக்கம், திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம், திருநெல்வேலி சங்கர் நகரின் இந்தியா சிமென்ட்ஸ் மைதானம் ஆகிய மூன்றில் நடந்தன. பின்னர் சேலமும் கோவையும் சேர்ந்தன. இவ்விரிவாக்கம் பாராட்டத்தக்கது. சென்னைக்கு வெளியே மின்னொளியில் உயர்தர ஆட்டத்தைப் பார்க்கும் வாய்ப்பு பல ஊர்களுக்கு இதனால் கிடைத்தது. அந்த வரிசையில் திருச்சி இல்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு சிறுவன் 'திருச்சி' அணியின் ஆட்டத்தைப் பார்க்க விரும்பினால், நத்தத்துக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போக வேண்டும். சேலம் அதைவிடத் தொலைவு. இரவு ஆட்டம் முடியும்போது மணி பதினொன்றை நெருங்கும். மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கும். எந்தப் பெற்றோரும் எளிதில் அனுப்பமாட்டார்கள். அவனுக்குத் திருச்சி அணியும் கோவை அணியும் தொலைக்காட்சியில் தெரியும் இரண்டு வண்ணச் சட்டைகளே.

ஊரில் விளையாட்டு இல்லாமல் இல்லை. பழைய கல்லூரிகளான புனித வளனார், தேசியக் கல்லூரி, ஜமால் முகமது கல்லூரி ஆகியவையும், பொன்மலை ரயில்வே குடியிருப்பும், பெல் நகரியமும் திருச்சியின் விளையாட்டுக்கு இடம் கொடுத்தவை. கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றும் மாதங்களில் மணலே மைதானம். ஸ்ரீரங்கத்துப் பையன்களின் கிரிக்கெட் சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' தொகுப்பில் கதையாகவே இடம்பெற்றிருக்கிறது. அந்தப் பையன்களின் அணிக்கு உரிமையாளரும் சீருடையும் இல்லை. ஆனால் அது எந்த ஊர் அணி என்று யாரும் கேட்டதில்லை.

மாற்றுக் கருத்துகள்

மைதானம் இல்லாததற்கு அணியைக் குறைகூறலாகாது என்பது ஒரு வாதம். தொலைக்காட்சி ஒளிபரப்புக்கேற்ற மின்விளக்குகள், தரமான ஆடுகளம், உடைமாற்றும் அறைகள், பார்வையாளர் மாடம் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை. ஒரு மாதம் நடக்கும் தொடருக்காக ஓர் உரிமையாளர் அச்செலவைச் செய்ய முடியாது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் நத்தத்தில் அதைச் செய்தது ஒரு கல்லூரி. சங்கர் நகரில் ஒரு தொழிற்சாலை. மதுரை சிந்தாமணியில் வேலம்மாள் கல்விக் குழுமம் கட்டிய கிரிக்கெட் மைதானத்தை 2025 அக்டோபரில் மகேந்திர சிங் தோனி திறந்துவைத்தார். கல்லூரிகளும் பொதுத்துறைத் தொழிற்சாலைகளும் நிறைந்த திருச்சியில் இது நடக்க முடியாததல்ல.

சொந்த மைதானம் இல்லாமலேயே வெல்லலாம் என்பது இன்னொரு வாதம். 2025-இல் திருப்பூர் தமிழன்ஸ் அணி, திண்டுக்கல் அணியை அதன் மைதானத்திலேயே 118 ரன் வித்தியாசத்தில் வீழ்த்திப் பட்டம் பெற்றது. திருப்பூரிலும் டி.என்.பி.எல். மைதானம் இல்லை. கோப்பையை வெல்ல மைதானம் தேவையில்லை என்பதை இது காட்டுகிறது. அந்தக் கோப்பை திருப்பூர்க்காரருக்கு எவ்வளவு சொந்தம் என்ற கேள்விக்கு இதில் விடையில்லை.

மதிப்பீடு

திருச்சி கிராண்ட் சோழாஸ் தமிழகக் கிரிக்கெட்டின் பயனுள்ள ஓர் அங்கம். இளம் ஆட்டக்காரர்களுக்கு வாய்ப்பும் ஊதியமும் அளிக்கிறது. ஊரின் அணி என்ற அளவில் அது இன்னும் தொடங்கவே இல்லை. லீக் சுற்றின் ஏழு ஆட்டங்களில் ஒன்றையாவது திருச்சியில் ஆடுவது அதன் முதல் கடமையாக இருக்க வேண்டும். அதற்கேற்ற மைதானம் அமையும்வரை, தொடருக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களைப் பகலில் ஊரின் கல்லூரி மைதானம் ஒன்றில் மாணவர்கள் பார்க்க நடத்தலாம். இதற்கு மின்விளக்கு தேவையில்லை. பெயரை இனி மாற்றாதிருப்பதற்குச் செலவே இல்லை. இவை நடந்தால், மீண்டும் ஏழு ஆட்டங்களும் தோற்கும் ஓர் ஆண்டு வந்தாலும், அதை எண்ணி வருந்தத் திருச்சியில் ஆள் இருக்கும்.