வெயிலைப் பாடியவர்

துக்கத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு வாசகர்களிடம் ஒரு சலுகை உண்டு. கதையில் நாலு பேர் செத்துப்போனால் போதும். ஏதோ ஆழம் இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். சந்தோஷமாக ஓர் அத்தியாயம் எழுதிப் பாருங்கள். 'இவருக்கு வாழ்க்கை தெரியாது' என்று கடிதம் வரும். கதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு சாவுக் காட்சியை இரண்டு மணி நேரத்தில் எழுதிவிடலாம். ஒருவன் காலையில் எழுந்து உட்கார்ந்தான், காரணம் எதுவும் இல்லாமலே மனசு லேசாக இருந்தது என்பதைப் பிறர் நம்பும்படி எழுத ஒரு வாரம் ஆகிறது.

சங்கீதத்திலும் வழக்கு இப்படித்தான் இருக்கிறது. மேல்நாட்டு ஜனரஞ்சகப் பாட்டுக்காரர்கள் வயசான காலத்தில் இசைத்தட்டு வெளியிட்டால், அது இருட்டாக இருக்க வேண்டும் என்று விமரிசகர்கள் எதிர்பார்க்கிறார்கள். ஜானி காஷ் 1994-லிருந்து வெளியிட்ட கடைசிக் கால இசைத்தட்டுகளைக் கொண்டாடினார்கள். லெனர்ட் கோஹன் 2016-ல், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒன்று வெளியிட்டார், அதையும் கொண்டாடினார்கள். இரண்டும் உயர்ந்தவையே, சந்தேகமில்லை. ஆனால் கிழவன் என்றால் சாவைப் பற்றித்தான் பாட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அறுபத்தாறு வயதில் ஒருவர் சூரியனைப் பற்றியும் கடற்கரையைப் பற்றியும் பாடினால், குழந்தைத்தனம் என்று சிரித்துவிட்டு ஏன் நகர்ந்துவிடுகிறோம்?

நான் சொல்ல வந்தது பிரையன் வில்ஸன் 2008-ல் வெளியிட்ட 'தட் லக்கி ஓல்ட் ஸன்' என்ற இசைத்தட்டைப் பற்றி.

இவரைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் ஹாதார்ன் என்ற சாதாரண ஊரில் வளர்ந்தவர். பிறந்தது 1942-ல். இரண்டு தம்பிகள் டென்னிஸ், கார்ல். அத்தை மகன் மைக் லவ். சிநேகிதர் அல் ஜார்டின். இந்த ஐந்து பேரும் 1961-ல் சேர்ந்து பாட ஆரம்பித்து 'பீச் பாய்ஸ்' என்று பேர் வாங்கினார்கள். அலைமேல் பலகை போட்டுச் சறுக்கும் விளையாட்டு, கார், பெண்கள், வெயில் ஆகியவற்றைப் பற்றிய பாட்டுகள். உலகம் முழுவதும் கலிபோர்னியா என்றால் இன்றைக்கும் மனசில் வரும் சித்திரத்தில் பாதி இவர் போட்டது. அந்த ஐந்து பேரில் அலைமேல் உண்மையாகச் சறுக்கியவர் டென்னிஸ் ஒருவர்தான். பிரையனுக்குக் கடல் என்றால் பயம். 1963-லேயே தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்வதைப் பற்றி ஒரு பாட்டுப் போட்டவர் அவர். பிற்பாடு, 1966 வாக்கில், வீட்டுக்குள்ளேயே பியானோவுக்கு அடியில் மணலைக் கொட்டி, அதில் காலை வைத்துக்கொண்டு மெட்டமைத்தார். கடற்கரையைப் பற்றிப் பாடியவர் கடற்கரைக்குப் போகவில்லை. கடற்கரையை வீட்டுக்குள் வரவழைத்துக்கொண்டார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கற்பனையில் தொழில் செய்கிறவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு விதத்தில் இந்த மணலைக் கொட்டிக்கொண்டவர்கள்தான்.

மற்றதெல்லாம் பலரும் எழுதிய கதை. 1964 டிசம்பரில் விமானத்தில் பீதி பிடித்துக் கதறியது. ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை நிறுத்தியது. 1966-ல் 'பெட் ஸவுண்ட்ஸ்'. அதைவிடப் பெரிதாகத் திட்டமிட்ட 'ஸ்மைல்' 1967-ல் பாதியில் நின்றது. அப்புறம் போதை, மனநோய், காதுக்குள் ஓயாமல் கேட்ட குரல்கள், வருஷக்கணக்கில் படுக்கை. யூஜீன் லாண்டி என்ற மனோவைத்தியர் வந்தார். எழுப்பி உட்கார வைத்தார் என்பது வாஸ்தவம். உட்கார்ந்தவரை அப்புறம் விடவில்லை. 1992-ல் நீதிமன்ற உத்தரவால்தான் அந்தத் தொடர்பு அறுந்தது.

அந்த லாண்டி காலத்தில், 1988-ல், வில்ஸன் தன் பெயரில் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். அதுவும் ஒரு வகையில் வெளிச்சமானதுதான். நல்ல பாட்டுகள் இல்லாமல் இல்லை. ஆனால் அதைக் கேட்கும்போது, பக்கத்தில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 'சிரி' என்று சொல்லிக்கொண்டிருப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது. மின்சார வாத்தியங்களின் பளபளப்பு வேறு. ஒரு மனிதனைச் சந்தோஷமாக இருக்கும்படி உத்தரவிட முடியும். அவன் கீழ்ப்படியவும் கூடும். 2008-ல் கேட்பது அதே வகைச் சந்தோஷமா, வேறா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

தலைப்பிலிருந்தே பார்ப்போம். 'அந்த அதிர்ஷ்டக்காரக் கிழட்டுச் சூரியன்' என்று பொருள் சொல்லலாம். பாட்டு வில்ஸனுடையது அல்ல. 1949-ல் பிராங்கி லேன் பாடிப் பிரசித்தமான பழைய பாட்டு. அதில் பேசுகிறவன் ஓர் உழைப்பாளி. பெண்டாட்டி பிள்ளைகளுக்காக உடம்பை முறித்துக்கொண்டு வேலை செய்கிறான். அண்ணாந்து பார்க்கிறான். அங்கே இந்தச் சூரியன் ஒரு வேலையும் இல்லாமல் ஆகாயத்தில் உருண்டுகொண்டிருக்கிறது. கொடுத்துவைத்த பயல் என்று பொருமுகிறான். அவ்வளவுதான் பாட்டு. வெயிலின் கவிஞர் என்று பெயர் வாங்கியவர், கிழ வயதில் தன் வெயில் மாலைக்கு நாயகமணியாக எடுத்துக்கொண்டது சூரியனைத் துதிக்கும் பாட்டை அல்ல. சூரியனைப் பார்த்துப் பொறாமைப்படும் பாட்டை! இசைத்தட்டு முழுவதும் இந்த மெட்டு இடையிடையே தலைகாட்டுகிறது. இதைக் கவனிக்காமல் 'எப்போதும்போல வெயில், கடல், பெண்' என்று மதிப்புரை எழுதியவர்கள் வாசற்படியிலேயே தடுக்கி விழுந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இது லண்டனில் பிறந்த படைப்பு என்பது இன்னொரு வேடிக்கை. ராயல் ஃபெஸ்டிவல் ஹாலைப் புதுப்பித்துத் திறந்த 2007-ல், அந்த அரங்கத்தார் கேட்டதற்கு இணங்க உருவானது; செப்டம்பரில் அங்கேயே முதலில் அரங்கேறியது. மறு வருஷம் செப்டம்பரில் காபிடல் கம்பெனி இசைத்தட்டாக வெளியிட்டது. 1962-ல் பீச் பாய்ஸ் சேர்ந்த அதே கம்பெனி. வரிகளில் பெரும்பாலானவை வில்ஸனின் குழுவிலேயே வாசித்த ஸ்காட் பென்னட் எழுதியவை. பாட்டுகளுக்கு நடுவில் வில்ஸன் பேசிக் காட்டும் சில உரைப் பகுதிகளை வான் டைக் பார்க்ஸ் எழுதினார். 'ஸ்மைல்' பாட்டுகளை அந்தக் காலத்தில் எழுதியவர் இவர்தான்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 'மெக்ஸிகன் கேர்ள்' என்ற பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன் கடைவீதியில் வாங்கும் பொம்மை மாதிரி இருக்கிறது. பார்க்ஸின் உரைப் பகுதிகளில் சொல் விளையாட்டு அதிகம். வில்ஸன் அவற்றைப் பள்ளிக்கூடத்துப் பையன் மனப்பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்கிறார். குரலும் பழைய குரல் அல்ல. மேல் ஸ்தாயியில் ஒரு பெண் குரலைப்போல மிதந்த அந்தக் குரல் எப்போதோ போய்விட்டது. இப்போது இருப்பது கரகரப்பான, சில இடங்களில் தட்டையான, சொற்களை விழுங்குகிற குரல். மேலே போக வேண்டிய இடங்களில் குழுவில் இருக்கும் மற்றவர்கள் போகிறார்கள்.

ஆனால் அந்த உரைப் பகுதிகளிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெனிஸ் கடற்கரையைப் பற்றிச் சொல்லும்போது வேடிக்கை பார்க்க வந்த வசதிக்காரர்களோடு, வீடில்லாதவர்களும் புத்தி பேதலித்தவர்களும் அந்த மணலில் இருக்கிறார்கள். 'கலிபோர்னியா ரோல்' என்ற குஷியான பாட்டு, சினிமாவில் சேர ஓடிவந்து இடம் கிடைக்காமல் போனவர்களுக்காகப் பாடப்படுகிறது. கனவைக் கொஞ்சம் வெட்டித் திருத்திக்கொள், வேறு எங்காவது உனக்கு இடம் இருக்கும் என்று அதில் புத்தி சொல்கிறார். 1960-களில் பீச் பாய்ஸ் பாடிய கலிபோர்னியாவில் தோற்றவன் என்று யாருமே கிடையாது.

என் நண்பர் ஒருவர், நல்ல சங்கீத ஞானம் உள்ளவர், ஒரு ஆட்சேபம் சொல்கிறார். வரிகளை வேறொருவர் எழுதியிருக்கிறார். மேல் ஸ்தாயியை வேறொருவர் பாடுகிறார். பின் இதில் வில்ஸன் எங்கே? புகழ்பெற்ற ஒரு பெயரைச் சுற்றி விசுவாசிகள் கட்டிய கோயில் அல்லவா இது?

ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் 'பெட் ஸவுண்ட்ஸ்' பாட்டுகளின் வரிகளைப் பெரும்பாலும் எழுதியவர் டோனி ஆஷர். விளம்பர வாசகங்கள் எழுதிக்கொண்டிருந்தவர். வில்ஸனின் மிகவும் அந்தரங்கமான பாட்டுகள் என்று உலகம் எவற்றைச் சொல்கிறதோ, அவையே இன்னொருவர் சொற்கள்தாம். அவர் பேசுவது சொல்லால் அல்ல. பல குரல்களை ஒரே சமயத்தில் வெவ்வேறு ஸ்வரங்களில் நிறுத்தி, அவை சேரும் இடத்தில் ஒரு உணர்ச்சியைப் பிறக்கவைப்பது அவர் பாஷை. நம்முடைய ஒற்றை மெட்டுச் சங்கீதத்தில் பழகிய காதுக்கு இது முதலில் பிடிபடாது. அதில் அவருக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. கீழே நின்று எல்லாவற்றையும் தாங்க வேண்டிய பாஸ் கிதார், வழக்கமாக நிற்கும் ஆதார ஸ்வரத்தில் நிற்காமல் பக்கத்து ஸ்வரம் ஒன்றில் போய் நிற்கும். மேலே குரல்கள் சிரித்துக்கொண்டிருக்கும். கீழே தரை இலேசாக நழுவிக்கொண்டிருக்கும். வலது காது ஏறக்குறைய கேட்காத ஒருவர் இதைச் செய்தார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. இந்தப் பழக்கத்தை வாடகைக்கு வாங்க முடியாது. 2008-லும் அது அங்கே இருக்கிறது.

இசைத்தட்டின் உயிர் கடைசிப் பகுதியில் இருக்கிறது. 'ஆக்ஸிஜன் டு தி பிரெய்ன்' என்று ஒரு பாட்டு. சோம்பிக் கிடந்து வீணாக்கிய நாட்களைப் பற்றி, உடற்பயிற்சி செய்கிறவனின் உற்சாகத்தோடு. அது முடிந்ததும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக, ஏறக்குறைய குரல்கள் மட்டும்: 'கான்ட் வெய்ட் டூ லாங்'. 1960-களின் கடைசியில் ஆரம்பித்து முடிக்காமல் போட்ட துண்டு. இங்கேயும் அதை முடிக்கவில்லை. கொண்டுவந்து காட்டிவிட்டு மறுபடியும் பேசாமல் வைத்துவிடுகிறார். நாற்பது வருஷம் பெட்டியில் கிடந்த பொருளை எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு வைக்கிற மாதிரி.

அடுத்தது 'மிட்நைட்ஸ் அனதர் டே'. பியானோவோடு தனிக்குரலில் தொடங்குகிறது. கரகரப்பு, விழுங்கல், தடுமாற்றம் என்று முன்னே நான் குறையாகச் சொன்ன எல்லாம் இந்த ஒரு பாட்டில் குணமாகிவிடுகின்றன. தலைக்குள் நெரிந்த குரல்களையும், கூட்டத்துக்கு நடுவில் தனியாக இருந்ததையும் சொல்கிறார். இருபது வயதுக் குரல் இதைப் பாடினால் அழகாக இருக்கும், நம்பமாட்டோம். நடுவில் மற்றக் குரல்கள் வந்து சூழும்போது, அவை ஆறுதலா, அவர் பயந்த அந்தக் குரல்களேயா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

'கோயிங் ஹோம்' துள்ளலான பாட்டு. கால் தானாகத் தாளம் போடும். ஆனால் அதன் நடுவில் துள்ளல் அப்படியே நின்று, குரல்கள் மட்டும், இருபத்தைந்து வயதில் வெளிச்சம் தாங்காமல் விளக்கை அணைத்துக்கொண்ட கதையைச் சொல்கின்றன. அவருக்கு இருபத்தைந்து ஆனது 1967-ல். 'ஸ்மைல்' நின்றுபோன வருஷம். வாக்குமூலத்தைச் சோகப் பாட்டில் வைப்பது எல்லாருக்கும் தெரிந்த வழி. இவர் அதைக் குதிக்கிற பாட்டுக்கு நடுவில் வைத்துவிட்டு, உடனே மறுபடியும் குதிக்கிறார். மேலோட்டமாகக் கேட்கிறவனுக்கு இது தெரியாமலே போய்விடும். போகட்டும் என்று விட்டுவிட்டார். இந்தத் துணிச்சல் எனக்குக் கதை எழுதும்போது வருவதில்லை. துக்கமான இடம் வந்தால் வாசகன் கவனிக்காமல் போய்விடுவானோ என்று இரண்டு பாரா கூடுதலாக எழுதிவிடுகிறேன்.

1988-ஆம் வருஷத்துச் சந்தோஷத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கே தெரிகிறது. அதில் இருட்டைக் காட்டக்கூடாது என்று ஒரு கட்டளை இருந்தது. இதில் இருட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர், அதற்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்.

கடைசிப் பாட்டு 'ஸதர்ன் கலிபோர்னியா'. தம்பிகளோடு சேர்ந்து பாட வேண்டும் என்று ஒரு காலத்தில் கனவு கண்டதை நினைத்துக்கொள்கிறார். டென்னிஸ் 1983 டிசம்பரில் மரீனா டெல் ரேயில் தண்ணீரில் மூழ்கி இறந்தார். கடலில் சறுக்கத் தெரிந்த அந்த ஒரே ஒருவர். கார்ல் 1998 பிப்ரவரியில் புற்றுநோயால் இறந்தார். பாட்டில் இதெல்லாம் இல்லை. சாவு என்ற பேச்சே இல்லை. மூத்தவர் கீழே இருந்து பாடுகிறார்; சின்ன வயதில் ஹாதார்ன் வீட்டுப் படுக்கையறையில் தம்பிகளுக்கு ஒவ்வொரு குரலாகச் சொல்லிக்கொடுத்த அந்த இடங்களில் இப்போது வேறு யாரோ நின்று பாடுகிறார்கள். வில்ஸனும் 2025 ஜூன் 11-ஆம் தேதி காலமாகிவிட்டார்.

இசைத்தட்டு முழுவதும் நாற்பது நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. துண்டு துண்டாகக் கேட்காமல் முதலிலிருந்து கேளுங்கள். 'மெக்ஸிகன் கேர்ள்' வரும்போது வேண்டுமானால் எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு வரலாம்.