பைண்டு பண்ணிய விக்ரம்

உப்பிலியபுரத்தில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. திறந்ததும் மைதாப் பசை மணக்கும். இராமபாணப் பூச்சி அண்டாமலிருக்க அந்தப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அப்பா பைண்டு பண்ணி வைத்த 'விக்ரம்' அதில்தான் இருக்கிறது.

கமல்ஹாசன் நடிக்க, ராஜசேகர் இயக்கி 1986-இல் வந்த படம் அது. கதை சுஜாதா. அதையே குமுதத்தில் தொடராகவும் எழுதினார்; ஓவியம் வரவேண்டிய இடத்தில் புகைப்படங்கள் வந்தன. அக்னிபுத்ரா என்ற ஏவுகணை களவு போகிறது, தேடிக்கொண்டு சலாமியா என்ற இல்லாத தேசத்துக்குப் போகிறார்கள். நிஜமான அக்னி பறந்தது 1989 மே மாதத்தில்தான். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப்பில் படித்தவர் எழுதியது என்பதால் எங்கள் பக்கத்தில் இதற்குக் கொஞ்சம் உள்ளூர்ப் பெருமையும் உண்டு.

'ஸ்டார் வார்ஸ்' வந்த மறுவருடமே, 1978-இல், அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வண்ணப்படக் கதைப் புத்தகம் கடையிலேயே கிடைத்தது. இங்கே நாமேதான் தைத்துக்கொள்ள வேண்டும். பின்னை நெம்பி, தாள் கிழியாமல் உருவி, வாரவாரம் அடுக்கி வைத்து, தொடர் முடிந்ததும் பைண்டரிடம் கொடுக்க வேண்டும். அவர் கோணூசியால் துளையிட்டு, முறுக்கு நூல் கோத்து, காலிகோ துணி ஒட்டித் தருவார். தையல் உள்விளிம்பைத் தின்றுவிடும். வரியின் கடைசி எழுத்தைப் படிக்கப் புத்தகத்தை மல்லுக்கட்டி விரிக்க வேண்டும்.

இருந்தாலும் வழவழத் தாளைவிட இதுதான் எனக்கு உசத்தி. பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனால் வெறும் கறுப்புப் புள்ளிகள். ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் கமல் வந்துவிடுகிறார். திரையில் செட் என்று பல்லிளிக்கும் சுவர்கூட நியூஸ்பிரின்ட்டின் மசமசப்பில் பிழைத்துக்கொள்கிறது. தாளின் மறுபக்கத்தில் பாதி ஜோக், ஒரு தைல விளம்பரம். இப்படி ஒரு பிரதி போல இன்னொன்று இருக்காது.

பாட்டுப் புத்தகம் சேர்ப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் கண் 1963-இல் வந்த 'கலை அரசி'யின் மேல். விஞ்ஞானத்தில் தேறி, சங்கீதத்தில் கோட்டைவிட்ட வேற்றுக் கிரகத்தார் பானுமதியைப் பாடத் தூக்கிப் போக, எம்.ஜி.ஆர். மீட்கப் போகும் படம். பாட்டுப் புத்தகம் வழக்கமாகக் கதையை முடிச்சு விழும் இடம்வரை சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். விண்வெளிக் கதைக்கு அந்தக் கருமித்தனம் நன்றாகவே பொருந்தும். என்னிடம் அது இல்லை, பொறாமை உண்டு.

என் விக்ரமிலும் ஒரு வாரம் இல்லை. இரவல் போன இதழ் திரும்பவில்லை. அந்த இடத்தில் பைண்டர் ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் தைத்திருக்கிறார். துறையூரில் பழைய பேப்பர் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.